ஈதர்நெற் அட்டையும் படுவான்கரையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், போரதீவுப்பற்றுப் பிரதேசத்தில் அமைந்துள்ள மண்டூர், சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் முருகன் கோயிலாலும், எதிர்க்கரைக் குருமண்வெளியோடு தன்னை இணைக்கும் ஓடத்துறையாலும் அறியப்பட்ட ஊராகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி இந்நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரித்திருப்பதால், புதிய வசதி எதுவும் கடலோரத்து எழுவான்கரையை முதலில் அடைந்து, வயலும் குளமும் நிறைந்த படுவான்கரைக்குப் பிந்தியே வந்து சேர்வது இப்பகுதியின் நீண்டகால அனுபவமாக இருந்துள்ளது. கணினி வலையமைப்பும் அவ்வாறே பிந்தி வந்தது. ஆனால் இந்தப் பிந்துகைக்கு வேறெதிலும் காணாத ஒரு விளைவு உண்டு. வலையமைப்பு அட்டையையும் அதன் செலுத்தியையும் பொருத்திச் சீர்செய்யும் தொழில், பிற இடங்களில் கைகளால் கற்கப்பட்டுப் பின்னர் மென்பொருளுக்குள் மறைந்துபோன பிறகே கருவிகள் இங்கு வந்தமையால், கருவி கிடைத்த அளவுக்கு அதன் அறிவு கிடைக்கவில்லை.

வலையமைப்பு அட்டை என்பது கணினிக்கும் வடத்துக்கும் இடையே நிற்கும் மின்சுற்றுப் பலகையாகும். நினைவகத்திலுள்ள தரவைச் சட்டங்கள் எனப்படும் சிறு பொதிகளாக வடத்தில் ஏற்றுவதும், வடத்தில் வருபவற்றுள் தனது 48 பிற்று முகவரிக்கு உரியவற்றைத் தெரிந்தெடுத்து உள்ளே தருவதும் அதன் பணி. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் அட்டை பொதியை அனுப்பும், பொதி வந்ததும் அது மையச் செயலியை எவ்வாறு அழைக்கும் என்பன அட்டைக்கு அட்டை வேறுபடுவதால், அந்த நுணுக்கங்களை அறிந்த நிரல் ஒன்று பணிசெயல் முறைமைக்குள் இருத்தல் வேண்டும். அதுவே சாதனச் செலுத்தி. தமிழ்நாட்டில் இயக்கி என்று வழங்குவதும் இதுவே. யுனிக்ஸ் குடும்பத்து முறைமைகளில் இந்நிரல் பெரும்பாலும் கேர்னல் எனப்படும் கருநிரலின் பகுதியாகவே ஓடுவதால், அதில் நேரும் ஒரு பிழை முழுக் கணினியையும் நிறுத்திவிடக்கூடும்.

இவ்வட்டைகள் பின்பற்றும் ஈதர்நெற் முறையின் மூலக்கருத்து, நீரால் பிரிக்கப்பட்ட நிலங்களை இணைக்கும் முயற்சியிலிருந்து பிறந்தது என்பது வாவிக்கரை வாசகர் அறியவேண்டிய செய்தியாகும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் தலைமையில் 1971 இல் இயங்கத் தொடங்கிய அலோகாநெற், தீவுகளிலிருந்த முனையங்களை வானொலி அலைவரிசை வழியே இணைத்தது. இருவர் ஒரே வேளையில் அனுப்பிச் செய்திகள் மோதிக்கொண்டால், இருவரும் வெவ்வேறு நேரம் பொறுத்து மீண்டும் அனுப்புவதே அதன் விதி. அவ்விதியை ஆராய்ந்து செம்மைப்படுத்திய ரொபேர்ட் மெற்காஃப், கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் ஆய்வகத்தில் 1973 மே 22 ஆம் திகதி எழுதிய குறிப்பில் அதை வடத்துக்குப் பொருத்தி ஈதர்நெற் எனப் பெயரிட்டார். டேவிட் பொக்ஸோடு சேர்ந்து அவர் அமைத்த முதல் வலையமைப்பு செக்கனுக்கு 2.94 மெகாபிற்று வேகத்தில் இயங்கியது. டிஜிற்றல், இன்ரெல், செரொக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் 1980 இல் வெளியிட்ட விதிமுறை அவ்வேகத்தை 10 மெகாபிற்றாக உயர்த்தியது.

யுனிக்ஸ் உலகில் ஈதர்நெற் வேரூன்றியது பேர்க்லிப் பல்கலைக்கழகத்தின் வழியேயாகும். 1983 ஆகஸ்ட்டில் வெளிவந்த 4.2 பிஎஸ்டி பதிப்பு, இணைய நெறிமுறைகளைக் கருநிரலுக்குள் கொணர்ந்ததோடு, அட்டைக்கு முகவரி வழங்கி அதை எழுப்பவும் நிறுத்தவும் உதவும் இஃப்கொன்பிக் என்னும் கட்டளையையும் தந்தது. அட்டை எவ்வகையினதாயினும், செலுத்தி அதனைக் கருநிரலுக்கு ஒரே வடிவில் காட்டவேண்டும் என்ற கொள்கை அப்பதிப்பில் உறுதிபெற்றது. இன்றைய லினக்ஸும் பிஎஸ்டி வழிவந்த முறைமைகளும் அதே கொள்கையின் மேல்தான் நிற்கின்றன என்பதால், இத்துறையின் வரலாற்றில் அதற்கு ஈடான முடிவு வேறில்லை எனலாம்.

எனினும் தொழிலாளரின் உண்மையான பாடு தனியாள் கணினியோடுதான் தொடங்கியது. நொவெல் நிறுவனத்தின் என்ஈ2000 அட்டையும் அதைப் பார்த்துப் பலர் செய்த மலிவுப் படிகளும் 1990களின் முற்பகுதியில் உலகெங்கும் பரவின. அக்காலத்து ஐஎஸ்ஏ வகைப் பொருத்துவாயில் செருகப்பட்ட அட்டைக்குத் தான் யார் என்று சொல்லிக்கொள்ளும் ஆற்றல் இருக்கவில்லை. அதற்குரிய உள்ளீட்டு வெளியீட்டு முகவரியையும், பொதி வந்ததைச் செயலிக்கு அறிவிக்கும் இடையீட்டுத் தடத்தையும், ஜம்பர் எனப்படும் சிறு இணைப்பிகளை இடம்மாற்றி மனிதரே குறித்தனர். அவ்வாறு குறித்த அதே எண்களைச் செலுத்திக்கும் தெரிவிக்கவேண்டியிருந்தது. இடையீட்டுத் தடங்கள் மொத்தம் 16 மட்டுமே. அவற்றுள் பெரும்பாலானவை விசைப்பலகை, வன்தட்டு, அச்சுப்பொறி முதலியவற்றுக்கு ஏற்கெனவே உரியவை. என்ஈ2000 வழக்கமாக ஏற்கும் மூன்றாம் தடமோ இரண்டாவது தொடர்த்துறைக்கும் உரியதாக இருந்தமையால், தொலைபேசி மோடத்தையும் ஈதர்நெற் அட்டையையும் ஒரே கணினியில் வைத்தவர்கள் இரண்டும் மாறிமாறிச் செயலிழப்பதைக் கண்டனர்.

இத்தகைய மோதலின் அடையாளம் புதியவரை எளிதில் ஏமாற்றக்கூடியது. செலுத்தி பிழையின்றி ஏறும். அட்டையின் முகவரியைச் சரியாகப் படித்துக் காட்டும். இஃப்கொன்பிக் கட்டளையும் முறைப்பாடின்றி முடியும். ஆனால் ஒரு பொதியேனும் உள்ளே வராது. லினக்ஸில் இடையீடுகளின் எண்ணிக்கையைக் காட்டும் கோப்பைத் திறந்து, அட்டைக்குரிய வரி பூச்சியத்திலேயே நிற்பதைக் கண்டவரே பழுது தடத்தில் உள்ளது எனத் துணிந்தனர். அட்டையைத் தேடும் முயற்சியே ஆபத்தாவதும் உண்டு. கருநிரல் ஒரு முகவரியில் எண்ணை எழுதிப் பார்க்கையில் அங்கே வேறொரு சாதனம் இருந்துவிட்டால் கணினி உறைந்துவிடும். ஆதலால் அட்டை இருக்கும் இடத்தைத் தொடக்கக் கட்டளையிலேயே எழுதிக்கொடுப்பது பயிற்சி பெற்றவரின் அடையாளமாயிற்று.

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், 1994 மார்ச்சில் முதலாம் பதிப்பை எட்டியபோது, மலிவான ஈதர்நெற் அட்டைகள் பலவற்றுக்கு அதில் செலுத்திகள் இருந்தமைக்குப் பெருங்காரணர் டொனால்ட் பெக்கர் ஆவார். நாசாவின் கொடார்ட் விண்வெளி மையத்தில் பணியாற்றிய அவர், தோமஸ் ஸ்ரேளிங்கோடு சேர்ந்து 1994 இல் 16 சாதாரணக் கணினிகளை ஈதர்நெற்றால் பிணைத்து பேவுல்ஃப் என்னும் கணினித் தொகுதியை உருவாக்கினார். அதற்கு முன்னரும் அதற்காகவும் அதன் பின்னரும் எழுதிய செலுத்திகளை எவரும் படித்துத் திருத்தும் உரிமத்தில் வெளியிட்டார். போல் கோர்ட்மேக்கர் தொகுத்த ஈதர்நெற் வழிகாட்டி, எந்த அட்டை எங்கே இடறும் என்பதை வரிசையாக விளக்கியது. செல்வம் மிகுந்த நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த யுனிக்ஸ் வலையமைப்பு, வறிய நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்கும் கைகூடியது இத்தகையோரின் உழைப்பினாலேயே என்பதை நன்றியோடு பதிவு செய்தல் வேண்டும்.

இலங்கையில் இவ்வறிவு முதலில் குவிந்த இடம் நாட்டின் மேற்குக் கடற்கரையாகும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அபய இந்துருவ முன்மொழிந்த லேர்ன் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, 1990களின் தொடக்கத்தில், யுனிக்ஸ் கணினிகள் தொலைபேசித் தொடர்பின் மூலம் ஒன்றுக்கொன்று கோப்புகளைக் கைமாற்றும் யூயூசிபி முறையில் மின்னஞ்சலைக் கொண்டுசென்றது. வணிக அடிப்படையிலான இணையச் சேவை 1995 இல் கொழும்பில் தொடங்கியது. வாவிப் பிரதேசத்தின் உயர்கல்வி நிலையமோ வேறு நிலையில் இருந்தது. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும் 1986 இல் முழுப் பல்கலைக்கழகமாகவும் உருப்பெற்ற வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம், 1990 இல் அகதி முகாமாயிற்று; அங்கே அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேர் அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி படையினரால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போயினர். நாட்டின் ஒரு கரையில் மின்னஞ்சல் பழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் மறுகரை வாழ்ந்த வாழ்வு இதுவாகையால், பிந்தியமைக்கு வாவியின் அகலத்தைக் காரணமாகக் காட்டுவது நேர்மையாகாது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை உள்நாட்டுப் போரின் கோட்டுக்கு அப்பால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது.

அந்த இடைக்காலத்தில் தொழில் முற்றாக மாறிவிட்டது. 1992 இல் வெளிவந்த பிசிஐ என்னும் பொருத்துவாய் விதிமுறை, ஒவ்வொரு அட்டையும் தன்னை உற்பத்தி செய்தவரின் எண்ணையும் தன் வகையின் எண்ணையும் தானே தாங்கி நிற்கச் செய்தது. கணினியே முகவரியையும் தடத்தையும் பங்கிட்டுக் கொடுக்க, கருநிரல் அவ்வெண்களைப் படித்து உரிய செலுத்தியைத் தானாக ஏற்றும் நிலை உருவாயிற்று. ஜம்பர்கள் மறைந்தன, பின்னர் அட்டையும் தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டு, தனிப்பொருள் என்ற நிலையையும் இழந்தது. கடல்கோளால் எழுவான்கரை அழிந்த 2004 டிசெம்பருக்குப் பின், சில வாரங்களுக்குள் சகனா என்னும் நிவாரண மேலாண்மை மென்பொருளைக் கட்டற்ற முறையில் எழுதும் ஆற்றல் நாட்டிலே வளர்ந்திருந்தது. ஆனால் அவ்வாற்றலின் இருப்பிடம் கொழும்பும் அதன் சுற்றமுமே.

போருக்குப் பின் படுவான்கரையின் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பரவலாகப் புழங்கத் தொடங்கியவை, பொருத்தியவுடன் தாமே இயங்கும் கணினிகளேயாகும். கிராமங்களுக்குக் கணினி அறிவைக் கொண்டுசெல்ல அரசு நிறுவிய நெனசல நிலையங்கள் 2014 இல் சர்வதேச விருது பெறும் அளவுக்கு நாடெங்கும் பரவின. ஆயினும் தாமே இயங்குபவை தாமே பழுதுபடுவனவும் ஆகும். ஆளி எனப்படும் இணைப்புப் பெட்டியின் ஒரு துறையை முழு இருவழிப் போக்குக்கு நிலையாக அமைத்துவிட்டு, அட்டையைப் பேசித் தீர்மானிக்கும் தானியங்கு நிலையில் விட்டால், அட்டை அரை இருவழிக்கு இறங்கிவிடுகிறது. சிறு சோதனைப் பொதிகள் சரியாகச் சென்று திரும்ப, பெரிய கோப்புகள் மட்டும் ஊர்ந்து செல்லும் இப்பழுது, இணைய நிறுவனத்தின் குறையென்றே பல காலம் கருதப்படுவதுண்டு. ஈத்ரூல் என்னும் கட்டளை அதை ஒரே வரியில் காட்டிவிடும். இன்னொன்று பெயர்ச் சிக்கல். கண்டறியப்பட்ட வரிசையில் ஈத்0, ஈத்1 என்று லினக்ஸ் வழங்கிய பெயர்கள், இரண்டு அட்டைகள் உள்ள கணினியில் இடம்மாறும் என்பதால், 2013 முதல் அட்டை செருகப்பட்டுள்ள இடத்தைக் கொண்டு பெயரிடும் முறை பரவியது. பழைய பெயரில் எழுதப்பட்ட அமைவுக் கோப்புகள் அதனாலேயே பயனற்றுப் போயின. பிஎஸ்டி முறைமைகளோ தொடக்கமுதல் செலுத்தியின் பெயரையே அட்டைக்கு வழங்கி வந்தன. எந்த நிரல் பணியில் உள்ளது என்பதைப் பெயரே உணர்த்துவதால், பழுது தேடுவோருக்கு அதுவே மேலான முறை.

சில அட்டைகள் இயங்குவதற்கு உற்பத்தியாளரின் நிலைபொருள் கோப்பு ஒன்றும் வேண்டும். டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் 2011 இல் வெளிவந்த 6 ஆம் பதிப்பு, மூலநிரல் திறக்கப்படாத அத்தகைய கோப்புகளைத் தன் கருநிரலிலிருந்து நீக்கியபோது, அவை தேவைப்பட்ட அட்டைகளோடு முறைமையை வலையமைப்பு வழியே நிறுவ முனைந்தவர்கள் இடருற்றனர். 2023 இல் வந்த 12 ஆம் பதிப்பே அவற்றை நிறுவுதட்டில் மீண்டும் சேர்த்தது. 2008 இல் நிகழ்ந்தது இதனினும் கடியது. லினக்ஸ் 2.6.27 இன் முன்னோட்டப் பதிப்புகளில், இன்ரெல் அட்டைகள் சிலவற்றின் நிலைநினைவகம் அழிந்து அட்டைகளே பயனற்றுப்போக, முதலில் பழி செலுத்தியின்மேல் விழுந்தது. கருநிரலின் செயல்களைத் தடம்பற்றும் வேறொரு பகுதி, தனக்கு உரிமையற்ற நினைவிடத்தில் எழுதியதே காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது.

ஆகவே பழுதைத் தேடும் ஒழுங்கு இன்றும் பழையதே. வடத்தின் முனையில் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பின், கருநிரலின் செய்திகளை டிமெசேஜ் கட்டளையால் படித்து, பிசிஐ பட்டியலில் அட்டை தெரிகிறதா என்றும் அதற்குரிய செலுத்தி ஏறியுள்ளதா என்றும் கண்டு, அதன் பின்னரே ஐபி முகவரிக்கும் வழிப்படுத்தலுக்கும் செல்லுதல் வேண்டும். கீழ்ப்படியை உறுதிசெய்யாது மேற்படியில் கைவைப்பவர் நாள்முழுதும் வீணே உழைக்கிறார். உவர்க்காற்று இணைப்பியின் செப்புத் தகடுகளை அரிப்பதும், இடிமின்னலின் மின்னெழுச்சி வடவழியே புகுந்து அட்டையைக் கருக்குவதும் வாவிக்கரையில் எதிர்பார்க்கவேண்டியவை என்பதால், முதற்படியை இங்கே மேலும் கவனத்தோடு நோக்குதல் தகும். வடகீழ்ப் பருவமழையில் படுவான்கரையின் தாழ்நில வீதிகள் மூழ்கி ஓடமும் நிற்கும் நாட்களில், மட்டக்களப்பிலிருந்தோ கல்முனையிலிருந்தோ தொழில்நுட்பவியலாளர் வந்து சேரமாட்டார். அறிவு ஊரிலேயே இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் தேவையில்லை.

பாடசாலைகளின் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் தமிழில் உள்ளன. அவை வலையமைப்பின் வடிவங்களை வரைந்து காட்டுகின்றன. செலுத்தியை இறக்கி ஏற்றிப் பார்க்கும் பயிற்சியே மாணவருக்கு இனி வேண்டியது. மண்டூரிலும் வெல்லாவெளியிலும் உள்ள ஆசிரியர்கள், கழித்துவைத்த கணினிகளுள் இரண்டை எடுத்து லினக்ஸ் நிறுவி, அட்டையைக் கழற்றவும் பூட்டவும், செலுத்தியை நீக்கவும், கருநிரல் அப்போது சொல்வதைப் படிக்கவும் மாணவரை அனுமதிப்பார்களாக. அதற்கு வேண்டிய மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பெக்கர் எழுதிய செலுத்திகளின் மூலநிரலையும் விரும்பும் மாணவர் இன்றும் திறந்து படிக்கலாம்.