வெட்டி என்னும் சொல்லும் அல்வால் சாலை ஊர்களும்

செகந்திராபாதிலிருந்து வடக்கே கரீம்நகர் செல்லும் சாலை திருமலகிரி, லோத்குண்டா, அல்வால், பொலாரம், ஹகீம்பேட்டை ஆகிய இடங்களைக் கடந்து ஷாமீர்பேட்டையை அடைகிறது. இச்சாலையின் முற்பாதி இன்று முழு நகரம். அல்வால், 2007ஆம் ஆண்டில் பெருநகர் ஐதராபாத் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை தனி நகராட்சியாக இருந்தது. அதற்கும் முன்பு ஏரிப்பாசனத்தை நம்பிய ஊர். சின்ன ராயுனி செருவு, கொத்த செருவு என்னும் இரண்டு நீர்நிலைப் பெயர்கள் அந்தப் பழைய வாழ்வின் எச்சமாக இன்றும் வழங்குகின்றன. தெலுங்கில் 'செருவு' என்றால் ஏரி. அல்வால் இரயில் நிலையத்துக்கு அடுத்த நிலையத்தின் பெயரோ 'கேவல்ரி பாரக்ஸ்', அதாவது குதிரைப்படைக் குடியிருப்பு. ஒருபுறம் ஏரி, மறுபுறம் படைவீடு. இவற்றுக்கிடையே வாழ்ந்த உழுகுடிகளின் அன்றாடத்தைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. படைவீட்டைப் பற்றி எழுதப்பட்டவை மிக அதிகம்.

1798ஆம் ஆண்டின் துணைப்படை உடன்படிக்கைக்குப் பிறகு நிஜாம் நாட்டில் ஆங்கிலேயப் படை நிலைகொண்டது. 1806இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் அமைந்தது. ரெசிடெண்டாக இருந்த ஹென்றி ரஸல் தனியே திரட்டிய படைப்பிரிவு பின்னாளில் 'ஐதராபாத் கன்டின்ஜென்ட்' எனப் பெயர் பெற்றது. பொலாரம் அதன் தலைமை இடமாயிற்று. இப்படைக்கு ஊதியம் தர வேண்டியது நிஜாம் அரசு. பேஷ்கார் பதவியிலிருந்து 1843 வரை அந்நாட்டின் நிதியைக் கையாண்டவர் சந்துலால். பாமர் கம்பெனியிடம் கடும் வட்டிக்குக் கடன் வாங்கியும், வட்டாரங்களின் நிலவரி வசூலை ஏலத்துக்கு விட்டும் அவர் படைச்செலவை ஈடுகட்டினார். ஏலம் எடுத்தவர், கொடுத்த தொகையைக் காட்டிலும் கூடுதலாகக் குடிகளிடம் கறக்கவே முயன்றார். அல்வாலின் வேங்கடேசுவரர் கோயிலை எடுப்பித்தவரும் இதே சந்துலால்தான் என்பது நெடுநாள் மரபு. ஆகவே கோயிற் கோபுரமும் பொலாரத்துப் பாசறையும் வெவ்வேறு உலகங்களாகத் தோன்றினாலும், இரண்டுக்கும் பொருள் வந்த வழி ஒன்றே: ஏரிக்குக் கீழிருந்த நன்செய்.

இங்கே ஒரு முரணைச் சுட்டாமல் கடக்க இயலாது. இந்தியக் கிராமங்களைத் 'சிறு குடியரசுகள்' என்று வருணித்த சார்ல்ஸ் மெட்காபின் 1830ஆம் ஆண்டுக் குறிப்பு, சமூகவியல் பாடநூல்கள் அனைத்திலும் இடம்பெறுவது. பேரரசுகள் மாறினும் கிராமம் மாறாது, அது தன்னிறைவு உடையது என்பது அதன் சாரம். அதே மெட்காப் 1820 முதல் 1825 வரை ஐதராபாத்தில் ரெசிடெண்டாக இருந்தவர்; வரி ஏலத்தால் குடிகள் நலிந்திருப்பதைக் கண்டு, ஊர்தோறும் வரியை வரையறுக்க ஆங்கில அதிகாரிகளை அனுப்பியவர்; பாமர் கம்பெனியின் கடன் கணக்கை அம்பலப்படுத்தியவர். தில்லிப் பகுதி அனுபவத்தில் பிறந்த குடியரசுச் சித்திரத்துக்கு, அவரே நேரில் கண்ட தெலங்கானா இடம் கொடுத்திருக்காது.

1853 முதல் 1883 வரை திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங் வரி ஏலத்தை ஒழித்து, மாவட்ட நிர்வாகத்தை ஏற்படுத்தினார். ஆயினும் ஐதராபாத் நகரைச் சூழ்ந்த ஊர்கள் பெரும்பாலும் 'அத்ராஃபே பல்தா' என்னும் தனி மாவட்டத்தில், நிஜாமின் சொந்த நிலங்களாகிய 'சர்ஃபே காஸ்' பகுதிகளாகவும், இடையிடையே ஜாகீர்களாகவும் சிதறிக் கிடந்தன. அரசு எதுவாயினும் ஊர்க்குடிக்கு முகம் தந்தவர்கள் மூவர்: வரி வாங்கும் மாலி படேல், காவல் பார்க்கும் போலீஸ் படேல், கணக்கெழுதும் பட்வாரி. மூன்றும் பரம்பரைப் பதவிகள். பட்டா, கிஸ்து, ஜமாபந்தி, தாசில்தார், பசலி என்று அவர்கள் வாயில் புழங்கிய சொற்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டு வருவாய்த்துறைக்குப் புதிதன்று. பசலி ஆண்டு மட்டும் சென்னை மாகாணத்தில் ஒரு நாளிலும் நிஜாம் நாட்டில் வேறொரு நாளிலும் தொடங்கிற்று.

ஏரியே அவ்வூர்களின் நாட்காட்டி. மழைக்காலத்து நெல் 'ஆபி', கோடைக்கால நெல் 'தாபி' என நிஜாம் அரசின் ஏடுகள் வகுத்தன. உழவர் பேச்சிலோ காலம் கார்த்தெகளால் அளக்கப்பட்டது. ஞாயிறு ஒரு நட்சத்திரத்தில் தங்கும் பதின்மூன்று, பதினான்கு நாட்களே ஒரு கார்த்தெ. ஜூன் முதல் வாரத்தை ஒட்டி மிருகசிரக் கார்த்தெ பிறந்ததும் ஏர் பூட்டினார்கள். ஏரி நிரம்பினால் கரைக்குக் கீழே இரு போகம். நிரம்பாவிட்டால் மேட்டில் விதைத்த சோளமும் கம்பும் ஆமணக்குமே கதி. கரையைக் 'கட்ட' என்றும், மதகைத் 'தூமு' என்றும், கலிங்கை 'அலுகு' என்றும் அங்கே சொல்வர். ஆயக்கட்டு மட்டும் இரு மொழிக்கும் பொது. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் மடை திறப்பது என்பதை நிர்வகித்தவர் 'நீரடி', நம் நீர்க்கட்டியின் உடன்பிறப்பு. கரையில் கட்ட மைசம்மா வீற்றிருந்தாள். ஏரி உடையாமல் காப்பது அவள் பொறுப்பு. அம்மையை அனுப்புவதும் அழைத்துக்கொள்வதும் போச்சம்மாவின் வேலை. ஏரிக்குக் கீழ் நெல் விளைந்தும், விளைவித்தவர் வீட்டில் அன்றாடம் வெந்தது சோறன்று. சோள ரொட்டியும் கூழுமே. நெல் வரிக்கும் கடனுக்கும் போயிற்று.

இவ்வாழ்வை உள்ளிருந்து காட்டும் ஆவணம் ஒன்று இதே சாலையில் கிடைப்பது நற்பேறு. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் எஸ்.சி. துபே, பல துறை ஆசிரியரும் மாணவரும் அடங்கிய குழுவோடு 1951-52இல் ஷாமீர்பேட்டையை ஆய்ந்தார். அப்போது அங்கே சுமார் 2,500 பேர் வாழ்ந்தனர். 1955இல் வெளிவந்த அவரது 'இந்தியன் வில்லேஜ்', இந்தியக் கிராம ஆய்வுகளின் முன்னோடி நூல்களுள் ஒன்று. மெட்காபின் தன்னிறைவுக் கிராமத்தைத் துபே ஏற்கவில்லை. எந்த ஊரும் பெரிய சமூக அமைப்பொன்றின் உறுப்பே என்றார். சமயமும் சாதியும், நிலவுடைமை, செல்வம், அரசுப் பணியிலும் ஊர் அமைப்பிலும் வகிக்கும் இடம், அகவை, தனியாளின் பண்பு என ஆறு கூறுகள் ஒருவரது மதிப்பை முடிவு செய்வதாக அவர் வகுத்தார். சாதி ஒன்றையே திறவுகோலாக்காத இவ்வகைப்பாடு இன்றும் பயன்படுவது. ஆனால் ஆறையும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது, அவற்றுள் ஒன்று மற்றவற்றை ஆட்டுவிப்பது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஒருவரின் பகற்பொழுதை மற்றவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உரிமைதான் அது. அதன் பெயர் வெட்டி.

தமிழ் மாணவர்க்கு இச்சொல் அந்நியமன்று. சோழர் கல்வெட்டுகளில் ஊதியமில்லாக் கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல் வெட்டி. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தொகுத்து ஆய்ந்த வரிச்சொற்களில் அடிக்கடி வருவது. ஊர்ப் பணியாளரான வெட்டியான் இச்சொல்லின் வழி வந்தவர். இன்றைய வழக்கில் வெட்டிப்பேச்சு, வெட்டிவேலை, வெட்டியாய்த் திரிதல் என்கிறோம். கூலி இல்லாத உழைப்பு, பயன் இல்லாத செயலாகப் பொருள் திரிந்தது. உழைத்தவனுக்குப் பயனில்லை என்பது, நாளடைவில் உழைப்பே பயனற்றது என்றாகி, இறுதியில் உழைக்காதவனைக் குறிக்கும் வசையாகவும் முடிந்தது. தெலங்கானாவில் மட்டும் அச்சொல் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தன் பழம்பொருளை இழக்கவில்லை. வெட்டி அங்கே நாள்தோறும் நடந்தது.

புச்சலபள்ளி சுந்தரய்யா தெலங்கானா மக்கள் போராட்டத்தைப் பற்றி 1972இல் வெளியிட்ட நூலில் வெட்டியைச் சாதிவாரியாக விவரிக்கிறார். மாதிகர் செருப்பும் ஏற்றத்துக்கான தோற்பொருளும் தர வேண்டும்; குயவர் சட்டி பானை தர வேண்டும்; மரமேறி கள் தர வேண்டும்; ஆயர் விழாவுக்கு ஆடு தர வேண்டும்; வண்ணார் துணியும் பாத்திரமும் துலக்க வேண்டும்; அதிகாரி வந்தால் சுமை தூக்கவும், வண்டிக்கு முன் ஓடவும், ஓலை கொண்டு செல்லவும் ஆள் தர வேண்டும். கலப்பை செய்த தச்சருக்கும் முடி திருத்திய நாவிதருக்கும் களத்துமேட்டில் உழவர் அளந்த தானியம் இதிலிருந்து வேறுபட்டது. அது இருபுறக் கொடுக்கல் வாங்கல். தமிழ்நாட்டில் அதை மேரை என்றும் சுதந்திரம் என்றும் சொன்னோம். (ஊர்ப் பணியாளருக்குரிய தானியப் பங்குக்குச் 'சுதந்திரம்' என்ற பெயர் இருந்ததை நம் வருவாய் ஆவணங்கள் அறியும், அரசியல் பொருள் பின்னர் வந்தது.) கிராமத்தின் பழம்பெருமையைப் பேசுவோர் களத்துமேட்டுப் பங்கையும் வெட்டியையும் ஒரே 'பரஸ்பர உதவி'யாக்கிக் காட்டுவதுண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: மறுக்க முடிந்ததா?

மறுப்பதற்கான வாயில் ஒன்று இச்சாலையின் தென்முனையில் இருந்தது. செகந்திராபாத் படைவீடு குடியேற்ற ஆட்சியின் கருவி. அதைப் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் அங்கே வேலைக்குக் காசு கிடைத்தது. அதிலும் இரு வகைக் காசு: படைவீட்டில் ஆங்கிலேய ரூபாய், வெளியே நிஜாமின் ஹாலி சிக்கா. பிற்கால மாற்று வீதத்தில் ஆறு ஆங்கிலேய ரூபாய் ஏறத்தாழ ஏழு ஹாலி ரூபாய்க்குச் சமம். பால், வைக்கோல், காய்கறி, விறகு, கோழி என்று ஊரார் சுமந்து வந்தவற்றை வாங்கப் பாளையத்துக் கடைத்தெரு காத்திருந்தது. சென்னைப் படையோடு வந்த தமிழர் அங்கே சிப்பாய்களாகவும் பணியாளராகவும் ஒப்பந்தக்காரராகவும் வேரூன்றினர். 1862இல் பின்னாளைய மஹ்பூப் கல்லூரிக்கு வித்திட்ட சோமசுந்தர முதலியார் அக்குடியேற்றத்தின் வழிவந்தவர். போனாலு விழாவின் தொடக்கக் கதையும் படைவீட்டைத் தொட்டே செல்கிறது: 1813இல் காலரா பரவியபோது உஜ்ஜயினிக்குப் போயிருந்த படையில் டோலி சுமந்த சூரிட்டி அப்பையா நேர்ந்துகொண்டு திரும்பி, செகந்திராபாத்தில் மகாங்காளியை நிறுவினார் என்பது மரபு. ஊர்த் தெய்வங்களுக்கு உரிய பொங்கற்பானை, ஒரு சுமைகாரரின் நேர்த்தியால் நகரத் திருவிழாவாயிற்று.

இவ்வாயிலைப் பெரிதும் பயன்படுத்தியோர் மாலரும் மாதிகரும். வெள்ளையர் வீடுகளிலும் படைவீட்டுப் பணிகளிலும் மாதச் சம்பளம் பெற்ற தலைமுறையிலிருந்துதான் ஐதராபாத் தலித் இயக்கம் எழுந்தது. பாக்ய ரெட்டி வர்மா 1906இல் ஜகன் மித்ர மண்டலியைத் தொடங்கினார். அவ்வியக்கத்தின் உள்வரலாற்றை எழுதிய பி.ஆர். வேங்கடசுவாமியின் 'அவர் ஸ்ட்ரகிள் ஃபார் எமான்சிபேஷன்' 1955இல் வெளிவந்தது. துபேயின் நூலுக்கும் அதே ஆண்டு. தெலுங்கருக்கு முதல் சாகித்திய அகாதெமி விருதைத் தந்த ஆண்டும் அதுவே. சுரவரம் பிரதாப ரெட்டியின் ஆந்திரச் சமூக வரலாறு, அரசர் பட்டியலை விலக்கி உணவு, உடை, விளையாட்டு, நம்பிக்கை ஆகியவற்றால் மக்கள் வரலாற்றைக் கட்டியமைத்ததற்காக, ஆசிரியர் மறைந்த பின் விருது பெற்றது. 1930இல் ஜோகிப்பேட்டையில் கூடிய முதல் ஆந்திர மகாசபைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. மூன்று நூல்களும் ஒரு நிலப்பரப்பைப் பேசுகின்றன. துபே ஊரின் அமைப்பைக் காட்டுகிறார். சுரவரம் பண்பாட்டின் நீட்சியைக் காட்டுகிறார். ஊரை விட்டு வெளியேறியவர் திரும்பிப் பார்க்கும் பார்வை வேங்கடசுவாமியிடம் மட்டுமே கிடைக்கிறது. பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் முதலிரண்டும் இடம்பெற்ற அளவுக்கு மூன்றாவது இடம்பெறவில்லை என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

மாற்றங்கள் பின்னர் விரைந்தன. 1946இல் கடவெண்டியில் தொட்டி கொமரய்யா சுடப்பட்டதோடு மூண்ட உழவர் கிளர்ச்சி வெட்டியை ஊர் ஊராக உடைத்தது. 1948 செப்டம்பரில் நிஜாம் ஆட்சி முடிந்தது. 1949இல் சர்ஃபே காஸ் நிலங்கள் அரசோடு சேர்ந்தன, ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. 1950இல் குத்தகைச் சட்டம் வந்தது. துபே குழு ஷாமீர்பேட்டைக்குள் நுழைந்தபோது இந்தப் புழுதி இன்னும் அடங்கியிருக்கவில்லை. அந்நூலின் அமைதியான நடையைப் படிக்கையில் இதை நினைவிற் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் நீங்கின. ஆந்திரத்தில் படேல், பட்வாரி முறை 1984இல்தான் ஒழிந்தது.

அதற்குள் அல்வாலின் வயல்கள் மனைகளாகத் தொடங்கிவிட்டன. ஆயக்கட்டு மறைந்தபின் மதகைத் திறக்க ஆள் வேண்டியதில்லை; நீரடியின் பணி எந்தச் சட்டமும் இல்லாமலே அற்றுப்போயிற்று. மைசம்மாவுக்கு மட்டும், ஐதராபாத்தின் ஏரிக்கரைகளில், ஆடி மாதந்தோறும் போனம் ஏறிக்கொண்டிருக்கிறது.