கடலுக்கு ஒரு பஞ்சாங்கம்

மதுரைக்காரனுக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். எங்கள் பாண்டியன் கொடியிலே மீன். எங்கள் அம்மனின் பெயரிலே மீன். சிவபெருமானே வலைஞனாக வந்து வலை வீசியதாகத் திருவிளையாடற் புராணத்தில் ஒரு படலமே இருக்கிறது. இவ்வளவு பெருமை இருந்தும், எந்த மாதத்தில் எந்தக் கடலில் மீன் பிடிக்கலாம் என்ற சின்ன விஷயம் ஐம்பது வயது வரை எனக்குத் தெரியாது.

தெரிய நியாயமும் இல்லை. 1902-ல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்தது. 1914-ல் பாம்பன் பாலமும் திறந்தாயிற்று. அன்று முதல் கடல் எங்களுக்குப் பக்கத்து வீடு. ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் மீனுக்கு மாதம் ஏது, கிழமை ஏது?

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆனி மாதம், எனக்கும் என் சிநேகிதர் ஒருவருக்கும் தூண்டில் பைத்தியம் பிடித்தது. புதுத் தூண்டில், புது நரம்பு, புளியோதரைப் பொட்டலம் சகிதமாக மண்டபத்துக்குப் புறப்பட்டோம். நாள் நட்சத்திரமெல்லாம் சிநேகிதர் பார்த்திருந்தார். காற்றை மட்டும் இருவரும் பார்க்கவில்லை.

தென் கரையில் போய் நின்றால், கடல் எங்களை அடிக்க வந்தது! தூண்டிலை வீசினால் நரம்பு எங்கள் தோளிலேயே வந்து மாலையாக விழுந்தது. அந்த வழியாக வந்த ஒரு பெரியவர் சற்று நேரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஐயா எந்த ஊரு?"

"மதுரை."

"அதான். கச்சான் காத்துல தென்கடல்ல யாராச்சும் தூண்டி போடுவாங்களா? வாங்க, இந்தா இருக்கு வடகடலு."

அவர் பின்னால் நடந்தோம். மண்டபம் கடலுக்குள் நீட்டிய நாக்கைப் போன்ற நிலம். தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் நீரிணை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், தெப்பக்குளம் போலத் தண்ணீர் கிடக்கிறது! தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும், வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள் என்று பெரியவர் சொன்னார். ஆனால் பெண் கடலும் எப்போதும் சாதுவாக இருப்பதில்லையாம். ஐப்பசியில் வாடைக் காற்று கிளம்பிவிட்டால் வடகடல் சீறும். அப்போது தென்கடல்தான் அடக்கம். அதனால் மீனவர்கள் ஆண்டில் பாதி இந்தக் கரை, பாதி அந்தக் கரை என்று வலையை எடுத்துக்கொண்டு இடம் மாறுவார்கள். ஒரு கடல் உழைக்கும்போது மற்றொன்று உறங்கும்.

வாடைக் காலத்தில் எச்சரிக்கை வேறு வேண்டும். 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயல் தனுஷ்கோடியை, ரயில் வண்டியோடும் பிரயாணிகளோடும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. கடல் பஞ்சாங்கத்தில் அது மறக்கக் கூடாத தேதி.

இரண்டு காற்றும் ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரைதான் கடலின் நல்ல காலம். இதை நம் முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கொற்கையில் பாண்டியனுக்காகக் கைதிகள் முத்துக் குளித்ததாகப் பழைய கிரேக்க மாலுமி ஒருவன் எழுதி வைத்திருக்கிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை முத்துக் குளிப்பார்கள் என்கிறான். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. இரவில் அந்த மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், திருடன் முங்கக் கூடாதே என்று!

பின்னால் வந்த வெள்ளைக்காரர்களுக்கு மந்திரத்தில் நம்பிக்கை குறைவு. கணக்கில் நம்பிக்கை அதிகம். முன்கூட்டியே பாரைப் பார்வையிட்டு, சிப்பிகளை எடுத்து எண்ணி, வயதை ஊகித்து, முத்துக்கு விலை மதிப்பார்கள். தேறினால்தான் குளிப்பு. தேறாத வருஷம் தோணிகள் கரையிலேயே கிடக்கும். இவ்வளவு கணக்கிருந்தும் முத்து நிலைக்கவில்லை. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

முத்து போகட்டும், மீனுக்கு வருவோம். பாய்மரம் இருந்தவரை காற்று சொன்னபடிதான் மனிதன் கேட்டான். 1950-களில் விசைப்படகு வந்தது. கேரளத்து நீண்டகரையில் நார்வேக்காரர்கள் வழி காட்டினார்கள். சென்னை ராஜ்யத்திலும் அரசாங்கமே படகுகளை ஊக்குவித்தது. ஏழை மீனவன் பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணந்தான். ஆனால் இயந்திரத்துக்குக் கச்சானும் ஒன்று, வாடையும் ஒன்று. அடிமடி வலைக்குத் தாய் மீனும் ஒன்று, குஞ்சும் ஒன்று. காற்று கொடுத்த விடுமுறையை மனிதன் ரத்து செய்துவிட்டான்.

அப்புறம் சட்டம் வந்து அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2001 முதல் நம் கிழக்குக் கரையில், ஏப்ரல் 15 தொடங்கி 45 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்று தடை வந்தது. 2017-ல் அது ஜூன் 14 வரை, 61 நாட்களாக நீண்டது. பல மீன்கள் முட்டையிடும் காலம் என்பது காரணம். காற்றின் விடுமுறையும் மீனின் பிரசவ காலமும் ஒரே மாதங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓய்வே இல்லாத கடல் ஒரு நாள் கையை விரித்துவிடும் என்பது இரண்டுக்கும் பொதுவான பாடம்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவருடைய மகன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். தடை முடிந்து அப்போதுதான் தொழிலுக்குத் திரும்பியிருந்தான்.

"என் காலத்துல காத்து எங்களை உக்கார வச்சுச்சு. இப்ப சர்க்காரு உக்கார வைக்குது. காத்து ஒரு காசு நிவாரணம் குடுத்ததில்ல; சர்க்காரு ஏதோ குடுக்குது. ஆனாலும் காத்து மேல எங்களுக்குக் கோவம் வந்ததில்ல பாத்துக்கங்க" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த 61 நாட்களும் அடுப்பு எரிய வேண்டியது அவர் வீட்டில்; கடல் பிழைக்க வேண்டும் என்று வாய் கிழியப் பேசுகிற நானோ, தடைக் காலத்திலும் கடையில் மீன் கேட்டு, விலை ஏறிவிட்டதென்று முணுமுணுத்தவன்.

அந்தச் சமயத்தில் என் தூண்டில் ஆடியது. ஆவலோடு இழுத்தேன். விரல் நீளத்தில் ஒரு பாறைக் குஞ்சு! பெரியவர் அதைப் பதமாகக் கழற்றித் தண்ணீரில் விட்டார். "வளரட்டும்யா" என்றார்.

திரும்பி வரும்போது மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் என் நினைவுக்கு வந்தன. கோடையில் தண்ணீர் வற்றியதும் அங்கே மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியுமுன்பே ஜனங்கள் ஊத்தாவும் கச்சாவுமாகக் கரையில் வந்து நிற்பார்கள். காலடியில் மீன் துள்ளும். ஒருவரும் இறங்க மாட்டார்கள். ஊர்ப் பெரியவர் வந்து வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வீசிய பிறகுதான் ஆரவாரம். பிடித்த மீன் வீட்டுக் குழம்புக்கே தவிர விற்பனைக்கு இல்லை. அத்தனை மாதமும் கண்மாயைக் காத்தது போலீஸ் அல்ல. அந்தத் துண்டின் மேல் ஊருக்கு இருந்த மரியாதை.

கடற்கரையிலும் அப்படி ஒரு துண்டு இருந்தது. காற்றுதான் அதை வீசிக்கொண்டிருந்தது. இப்போது அது சர்க்காரின் கையில் இருக்கிறது. யார் வீசினால் என்ன? துண்டு விழும்வரை கரையில் நிற்கத் தெரிந்தவனுக்குத்தான் நாளைக்கும் மீன். அப்படி நிற்கிறவன் வீட்டு அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்வது, மதுரையில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுகிற நம்முடைய கடன்.