டெலிபோன் எக்ஸ்சேஞ்சு உருவிழந்த சரித்திரம்

பம்பாய் ஆண்டாப் ஹில்லில் மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கென்று கட்டப்பட்ட ஸி.ஜி.எஸ். காலனியிலே, ஒரு கட்டிடத்துக்கு ஒரு டெலிபோன் இருப்பதே பெரும் பாக்கியமாகக் கருதப்பட்ட காலம் ஒன்று உண்டு. உத்தியோகத்தின் பொருட்டுத் திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்து குடியேறிய குமாஸ்தாக்கள், கீழ் வீட்டு அதிகாரியின் எண்ணைத் தம் விலாசத்துக்கு அடியில் எழுதி, அருகில் 'பி.பி.' என்று சேர்த்துவிட்டால், தாமும் டெலிபோன் உடையவர்களே என்று திருப்தியடைந்துவிடுவார்கள், ஊரிலிருந்து டிரங்க் கால் வந்தால் அந்த வீட்டுப் பையன் படியேறி ஓடி வந்து, "மாமா, உங்களுக்குப் போன்!" என்று மூச்சிரைக்கச் சொல்லுவான். அக்காலத்தில் இரண்டு குரல்களை இணைத்துவைத்த யந்திரத்துக்கு ஒரு கட்டிடமும், ஒரு காவல்காரனும், எண்ணெய் போட ஒரு மெக்கானிக்கும் இருந்தார்கள். இன்று அதே காரியத்தை, தாணே கழிக்கு அப்பால் ஐரோலி, மஹாபே முதலிய இடங்களில் எழும்பியிருக்கும் டேட்டா சென்டர்களைப் போன்ற கட்டிடங்களில், சாமானிய சர்வர்களுக்குள் ஓடும் வெறும் புரோகிராம்கள் செய்துவிட முடிகிறது.

1882-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி கல்கத்தாவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு திறக்கப்பட்டது. அவ்வருஷமே பம்பாயிலும் சென்னையிலும் அது வந்துவிட்டது. அன்று இணைப்பவர் மனிதர். கன்ஸாஸ் நகரத்தில் ஈமக்கிரியைத் தொழில் நடத்திவந்த அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி யந்திரம் அந்த மனிதரை மெல்ல மெல்ல விலக்கியது. நம் தேசத்தில் அவ்வகை எக்ஸ்சேஞ்சு முதலில் வந்தது, வைசிராய்கள் கோடையைக் கழித்த சிம்லாவில், 1913-14-இல். பம்பாய் டெலிபோன் கம்பெனியை 1943-இல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஆயினும் வெளியூர்ப் பேச்சுக்கு மட்டும் ஆபரேட்டரின் தயவே கதி. ஆர்டினரி, அர்ஜண்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கேற்ப விலை ஏறும்.

அந்த எக்ஸ்சேஞ்சின் உட்புறத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தெருவிலிருந்து வந்த தடித்த கேபிள்கள் கீழ்த்தளத்தில் பிரிந்து, எம்.டி.எஃப். என்னும் நெடிய இரும்புச் சட்டத்தில் ஆயிரக்கணக்கான ஜம்பர் கம்பிகளாக விரியும். பக்கத்து அறையில் அமில வாடை வீசும் பாட்டரிகள் மைனஸ் 48 வோல்ட்டில் ஓயாது மின்சாரம் தரும். பாட்டரியின் நேர்முனையை ஏன் பூமியோடு இணைத்தார்களென்றால், ஈரமண்ணில் புதைந்த தாமிரக் கம்பியை மின்பகுப்பு அரித்துவிடாமல் காப்பதற்காகவே. பம்பாயின் மழையையும் உப்புக்காற்றையும் அறிந்தவர்களுக்கு இந்த ஜாக்கிரதையின் அருமை விளங்கும். நகர மின்சாரம் நின்றாலும் டெலிபோன் நிற்காமலிருந்தது இந்தப் பாட்டரிகளால்தான்.

எண்பதுகளில், பிரான்ஸ் தேசத்து அல்காடெல் கம்பெனியின் இ-10-பி யந்திரங்கள் உத்தரப் பிரதேசத்து மான்காபூரில் உற்பத்தியாகத் தொடங்கின; 1984-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஸி-டாட் நம்மவர் கையால் கிராம எக்ஸ்சேஞ்சுகளைச் செய்தது. யந்திரத்துக்குள் கம்ப்யூட்டர் புகுந்துவிட்டதாயினும், அதைச் செய்தவனே பெட்டியையும் புரோகிராமையும் சேர்த்து விற்றான். பிற்காலத்து மொபைல் கம்பெனிகளும், ஒவ்வொரு புதுச் சேவைக்கும் ஒரு பிரத்தியேகப் பெட்டியை வாங்கி, அதற்கென்று இடமும் மின்சாரமும் பயிற்சி பெற்ற ஆளும் தேடி அல்லற்பட்டன.

2012 அக்டோபரில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத்தில் கூடிய மகாநாட்டை ஒட்டி, ஏ.டி.அண்டு.டி., சைனா மொபைல், டாய்ச்சே டெலிகாம், டெலிஃபோனிகா உள்ளிட்ட 13 கம்பெனிகள் வெளியிட்ட அறிக்கை இந்தப் பெட்டி சாம்ராஜ்யத்தை எதிர்த்த கலகம் என்றே சொல்லலாம். எக்ஸ்சேஞ்சு, பயர்வால், ரூட்டர் முதலியவற்றின் வேலைகளைப் புரோகிராம்களாகப் பிரித்தெடுத்து, கடையில் கிடைக்கும் சர்வர்களில் ஏற்ற வேண்டும் என்பதே அதன் சாரம்; விதிமுறைகளை வகுக்கும் பொறுப்பை ஐரோப்பாவின் எட்ஸி ஸ்தாபனம் ஏற்றது. ஒரே கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்களாகத் தோன்றச் செய்யும் வித்தை புதிதன்று, ஐ.பி.எம். 1972-லேயே அதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஆனால் கணக்குப் புத்தகத்துக்குப் போதுமான சர்வர், டெலிபோனுக்குப் போதவில்லை. பத்து கிகாபிட் கம்பியில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் வந்தால், ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1 கோடியே 48 லட்சம் வந்து சேரும்; ஒன்றுக்குக் கிடைக்கும் அவகாசம் 67 நானோ விநாடி. ஒவ்வொன்றுக்கும் ஆபரேட்டிங் ஸிஸ்டத்தைத் தட்டியெழுப்பினால் அது எப்படித் தாங்கும்? ஆகவே அதைத் தாண்டிப் புரோகிராமே நெட்வொர்க் கார்டை நேராகப் படிக்கும் டி.பி.டி.கே., ஒரே கார்டைப் பலருக்குப் பங்கிட்டளிக்கும் எஸ்.ஆர்.-ஐ.ஓ.வி. ஆகிய உபாயங்கள் கையாளப்பட்டன. ஒரே சாலில் குடியிருக்கும் பல குடும்பங்களில் ஒன்று காலையில் குழாயடியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தவிப்பதுபோல, ஒரு புரோகிராம் பிராஸஸரை ஆக்கிரமித்தால் அண்டையிலுள்ளது திணறும். எனவே இன்ன கோர் இன்னாருக்கே என்று முன்கூட்டியே ஒதுக்கிவைத்தார்கள். ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் இரு புரோகிராம்களை ஒரே ரேக்கில் வைக்கலாகாது என்றும் விதித்தார்கள். வருஷத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்ற பழைய எக்ஸ்சேஞ்சின் தர்மத்தைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை.

பம்பாய் இத்தகைய சர்வர் கட்டிடங்களுக்கு வாய்ப்பான க்ஷேத்திரமாக அமைந்ததற்குக் காரணங்கள் உண்டு: பங்குச் சந்தையும் பாங்குகளும் இங்கே இருப்பதோடு, கடலடிக் கேபிள்களில் பலவும் இங்கேதான் கரையேறுகின்றன. மின்சாரமும் நெடுங்காலமாக நம்பகமானது. ஆனால் 2020 அக்டோபர் 12-ஆம் தேதி நகரமே இருண்டுபோயிற்று. டேட்டா சென்டர்களின் டீஸல் ஜெனரேட்டர்கள் அலங்காரத்துக்கு அல்ல என்பதற்கு அந்த ஒரு நாளே சாட்சி. இனி மொபைல் கம்பெனிகளுக்கு வந்தால், 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி சேவை தொடங்கிய ஜியோ கம்பெனி, பழைய பாணிக் குரல் இணைப்பே இல்லாமல், பேச்சு முழுவதையும் பாக்கெட்டுகளாகவே அனுப்பியது. அங்கே உயர் பதவி வகித்த தாரிக் அமீன் பின்பு ஜப்பான் சென்று, ராகுட்டன் கம்பெனிக்காக, பிரத்தியேகப் பெட்டிகளைக் கூடியவரை தவிர்த்து அமைத்த நெட்வொர்க்கு 2020 ஏப்ரலில் சேவைக்கு வந்தது.

நஷ்டமும் இல்லாமலில்லை. பழைய எக்ஸ்சேஞ்சில் பழுது வந்தால் ஏணியில் ஏறிய மெக்கானிக்கின் விரல் அந்தப் பழுதின்மேல் போய் நிற்கும். பெட்டி யுகத்தில் அதை விற்ற கம்பெனியைப் பிடிக்கலாம். இப்போது சர்வர் ஒருவருடையது, மெய்நிகர் தளம் வேறொருவருடையது, புரோகிராம் மூன்றாமவருடையது. அழைப்பு அறுந்தால் மூவரும் மற்ற இருவரைச் சுட்டிக்காட்டுவது சகஜம். இந்தப் பிணக்கைத் தவிர்க்க ராகுட்டன் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பைத் தானே சுமந்தது. தன் நெட்வொர்க்கில் முக்கால் பங்கை 2020-க்குள் புரோகிராம்களாக்கிவிடப் போவதாக முழங்கிய ஏ.டி.அண்டு.டி.யோ, அதற்கெனப் பாடுபட்டு அமைத்த மேடையை 2021-இல் மைக்ரோஸாஃப்ட்டிடம் ஒப்படைத்தது. பெட்டி வியாபாரிகளின் பிடியிலிருந்து தப்ப நினைத்தவர்கள் அதைவிடப் பெரிய வியாபாரியின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.