குணவகையிலிருந்து சான்றிதழ் வரை: திருச்சியில் ஆட்டிசம்

ஆட்டிசத்தை ஒரு குணவகையாகப் பார்த்தவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர். 1944இல் தான் கண்ட சிறுவர்களை அவர் ஆளுமைக் கோளாறு என்ற பிரிவில் சேர்த்தார். அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்காவில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தார். பின்னர் வந்த கோட்பாடுகளில் மிகக் கொடியது தாயின் அன்பின்மையைக் காரணம் காட்டியது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பரவலாக்கினார். 1985இல் லண்டன் ஆய்வாளர்கள், பிறர் மனதை ஊகிக்கும் திறனில்தான் குறை என்றனர்.

இத்துறைக்கு நெருங்கிய பாடங்களுக்குத் திருச்சிராப்பள்ளியில் இடமுண்டு: ஹோலி கிராஸ் கல்லூரி மறுவாழ்வியலையும் பிஷப் ஹீபர் கல்லூரி சமூகப்பணியையும் கற்பிக்கின்றன. ஆனால் இந்திய அரசு ஏடுகளில் ஆட்டிசம் இடம்பெற வெகுகாலம் ஆனது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் அது இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. இருந்தும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதற்குத் தனிக் கட்டம் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கைப் புரட்டிச் சொல்ல முடியாது. 2016இன் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதை ஏற்றது.

சட்டம் வந்தால் அளவுகோலும் வேண்டும். 2009இலேயே வெளியான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் சான்றிதழுக்கு அடிப்படையாயிற்று. அதில் 40 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70 முதல் 106 வரை லேசானது, 153 வரை மிதமானது, அதற்கு மேல் கடுமையானது. முதல் கூற்றே கண்ணோடு கண் பார்ப்பதைப் பற்றியது. பெரியவர் முன் தலை குனிந்து நிற்கப் பழக்கிய அக்கிரகாரத்து வீட்டுப் பிள்ளைக்கு அந்த மதிப்பெண்ணைப் போட நிதானம் வேண்டும். பெற்றோர் சொல்வதும் மதிப்பிடுபவர் காண்பதுமே இதற்கு ஆதாரம். வளர்ந்தவர் ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லத் தனிக் கேள்வி எதுவுமில்லை.

அந்த இடைவெளியைக் கேள்விக்கு உட்படுத்தியவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களே. 1993இல் ஜிம் சின்கிளேர், தங்களுக்காகத் துக்கம் காக்க வேண்டாம் என்று பெற்றோருக்கு எழுதினார். 2012இல், தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன், புரியாமை இருபுறமும் உண்டு என்று வாதிட்டார்: மற்றவர்களும் ஆட்டிசம் உள்ளவரின் மனதை ஊகிக்கத் தவறுகிறார்கள். 40 கூற்றுகளில் அந்தத் தவறுக்கு மதிப்பெண் இல்லை.