ஐந்து கையொப்பங்களும் ஒரு மொழியும்

புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீட்டைக் கடந்து செல்லும்போதெல்லாம் நமக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு. அயல்மண்ணில் வந்து இறங்கும் ஒருவர் முதலில் அம்மண்ணின் மொழியைக் கற்றுக்கொண்டு பிறகு நண்பர்களைத் தேடுகிறாரா, அல்லது நண்பர்கள் வாய்த்த பின்னரே மொழி வாய்க்கிறதா? சீனம் கற்கப் பெய்ஜிங் சென்று வாழும் மாணவருக்கும், தமிழ் கற்கப் புதுச்சேரிக்கு வரும் ஐரோப்பிய ஆய்வாளருக்கும் இக்கேள்வி பொதுவானது. நம்மூர் வரலாறே இதற்கு ஒரு விடையை வைத்திருக்கிறது.

1910 ஏப்ரல் 4-ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலிலிருந்து அரவிந்தர் புதுச்சேரியில் இறங்கினார். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வந்த அவர் பிரெஞ்சு மண்ணில் சட்டப்படி ஓர் அயலார். தமிழ் மக்களிடையே மொழியாலும் அயலார். அவருக்கு இடம் தேடித் தந்தவர்கள் 'இந்தியா' பத்திரிகையைச் சூழ்ந்திருந்த தமிழ் நண்பர்கள். சங்கர செட்டியாரின் வீட்டு மாடியில் அவர் ஏறக்குறைய ஆறு மாதங்கள் தங்கினார். பாரதியும் 1908-இல் இதே ஊரில் அடைக்கலம் புகுந்தவரே என்பதை மறக்கலாகாது. வந்தாரை வரவேற்றவரும் அவருக்குச் சற்று முன்னால் வந்தவர்தாம்.

அரவிந்தருக்கு மொழியும் நட்பும் பின்னிக்கிடந்த அனுபவம் புதியதன்று. ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு 1893-இல் திரும்பியவர் அவர். தம் தாய்மொழியாகிய வங்காளத்தையே வளர்ந்த பிறகு கற்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் ஐ.சி.எஸ். மாணவராக இருந்தபோது அவருக்கு வங்காளம் கற்பித்தவர் ஓர் ஆங்கிலேயர். பங்கிம் சந்திரரின் எழுத்தில் ஒரு பகுதியைக் காட்டியபோது, இது வங்காளமே அன்று என்று அந்த ஆசிரியர் சொல்லிவிட்டதாக ஒரு செய்தி உண்டு. பின்னர் பரோடாவில் தினேந்திர குமார் ராய் என்ற எழுத்தாளர் 1898 முதல் சுமார் இரண்டாண்டுகள் அவருடன் ஒரே வீட்டில் தங்கினார். பேச்சு வங்காளம் அவருக்குப் பழகியது அந்த உடனுறைவினால்தான். ஏடு தராததை ஒரு தோழமை தந்தது.

புதுச்சேரியிலோ தோழமைக்கு ஒரு விலை இருந்தது. பிரிட்டிஷ் ஒற்றர்கள் இவ்வூரில் முகாமிட்டு, அகதிகளின் வீடுகளுக்கு யார் வருகிறார், யார் போகிறார் என்று கணக்கெடுத்து வந்தனர். 1911-இல் புதிய ஆணையொன்று பிறந்தது. ஊரில் தங்க விரும்பும் அயலார், ஊர்ப் பெரியோராகிய கௌரவ மாஜிஸ்திரேட்டுகள் ஐவரின் சான்றுக் கையொப்பம் பெற வேண்டும் என்றது அது. சில எழுத்துகள்தாம். ஆனால் ஒற்றர்களின் கண் முன்னால், தேடப்படும் ஒருவருக்காகத் தம் பெயரை இடுவது எளிய செயலன்று. சங்கர செட்டியார் முன்னின்று அலைந்து அந்த ஐந்து கையொப்பங்களையும் பெற்றுத் தந்தார். அரவிந்தர் இவ்வூரில் தமிழ் கற்க முடிந்ததென்றால், அவருக்கு முதலில் கிடைத்த தமிழ்ப் பாடம் அந்த ஐந்து பெயர்கள்தாம் என்று நாம் கருதுகிறோம்.

இதே காலத்தில் இன்னொரு நிகழ்ச்சி. அகதிகளைச் சிக்கவைக்கும் நோக்கில், வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் போலி ஆவணங்கள் அடங்கிய ஜாடி ஒன்று போடப்பட்டது. அது கண்டெடுக்கப்பட்டுப் பிரெஞ்சுப் போலீசாரிடமே ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் புகாரின் பேரில் விசாரணை நீதிபதி நாந்தோ அரவிந்தரின் வீட்டைச் சோதனையிட வந்தார். அங்கே அவர் கண்டவை வெடிகுண்டுகள் அல்ல, கிரேக்கமும் லத்தீனும் எழுதிய தாள்கள். இவருக்கு லத்தீன் தெரியும், கிரேக்கமும் தெரியும் என்று வியந்த நீதிபதி, சோதனையை முடித்துக்கொண்டு தம்மை வந்து சந்திக்குமாறு அழைத்துச் சென்றார். அகதியின் வீட்டுக்குள் அதிகாரியாக நுழைந்தவர் வெளியேறும்போது அறிமுகமானவராகியிருந்தார். ஒரு மொழியை அறிந்திருப்பது எத்தகைய கதவைத் திறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பாரதியோடு அமைந்த நட்பு இன்னும் ஆழமானது. அவ்விருவருக்கும் பொதுவாக முதலில் அமைந்த மொழி ஆங்கிலம். ஆனால் அது பாலமே தவிர வீடன்று. அரவிந்தர் பாரதிக்கு ரிக் வேதத்தைத் திறந்து காட்டினார். பாரதி அவருக்கு ஆழ்வார்களைத் திறந்து காட்டினார். ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் மாணவராகவும் மட்டுமே இருந்த உறவன்று அது. இருவரிடமும் கொடுப்பதற்கு ஒன்றும் பெறுவதற்கு ஒன்றும் இருந்தன. வேதப் பாடல்களைத் தமிழாக்கிப் பாரதி எழுதியவற்றில் இந்தக் கொடுக்கல் வாங்கலின் தடத்தைக் காணலாம். அரவிந்தர் 1914-இல் தொடங்கிய 'ஆர்யா' இதழில், 1915-ஆம் ஆண்டு ஆண்டாள், நம்மாழ்வார், குலசேகராழ்வார் ஆகியோரின் பாசுரங்கள் சில ஆங்கிலத்தில் வெளிவந்தன. அவை பாரதியின் துணையோடு அரவிந்தர் செய்தவை. திருக்குறளின் தொடக்கப் பகுதியிலும் அவர் சிறிது மொழிபெயர்த்தார். குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் தந்த வ.வே.சு. ஐயரின் மொழிபெயர்ப்பு 1916-இல் வெளியாயிற்று. ஒரு சிறிய ஊரின் சில தெருக்களுக்குள் நிகழ்ந்தவை இவை.

தமிழ்ச் சொற்கள் அரவிந்தரின் சிந்தனையையும் அசைத்தன. தூய தமிழ் என்று கருதப்பட்ட சொற்கள், சமஸ்கிருதத்திற்கும் லத்தீனுக்கும் இடையே தாம் அறியாதிருந்த உறவுகளைக் காட்டின என்று அவர் தம் வேத ஆய்வில் எழுதியுள்ளார். மொழியியலார் இன்று இம்முடிவை ஏற்பார்களா என்பது வேறு வினா. புதிதாகக் கற்ற ஒரு மொழி, தமக்கு ஏற்கெனவே தெரிந்த மொழிகளையும் திரும்பிப் பார்க்கச் செய்தது என்பதே நமக்கு முக்கியம்.

இதை மிகைப்படுத்தவும் வேண்டியதில்லை. அரவிந்தர் தமிழில் சரளமாக உரையாடியவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருடைய தமிழ், ஒரு கவிஞனின் அருகிலிருந்து ஏட்டைப் புரட்டிய தமிழ். 1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் கடலூரில் கைதானார். 1921-இல் மறைந்தார். அதற்குப் பின் அரவிந்தரின் தமிழ்ப் பணி விரிவடையவில்லை. ஒரு நண்பன் ஊரைவிட்டுப் போகும்போது மொழியின் ஒரு பகுதியும் உடன் போய்விடுகிறதோ என்று தோன்றுகிறது.

ஆயினும் அந்த மரபு இவ்வூரில் அற்றுப்போகவில்லை. 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும், அதன் அருகில் இயங்கிய தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் மையத்திலும், தமிழறிஞர்களும் ஐரோப்பிய ஆய்வாளர்களும் ஒரே மேசையில் ஏடுகளைப் படித்தனர். 1984-இல் வெளிவரத் தொடங்கிய தேவாரப் பதிப்பு, தி.வே. கோபாலையர் பதிப்பிக்க, பிரான்சுவா குரோவின் நெறியாள்கையில் உருவானது. பரிபாடலை 1968-இல் பிரெஞ்சில் தந்தவர் குரோ. 2007-இல் கோபாலையரும் 2021-இல் குரோவும் மறைந்தனர். அந்த நூலின் முகப்பில் இருவர் பெயர்களும் இன்றும் சேர்ந்தே இருக்கின்றன.

அயலிலிருந்து தமிழ் கற்க வரும் இளைஞர்களைப் புதுச்சேரித் தெருக்களில் நாம் இன்றும் காண்கிறோம். அவர்கள் தட்டுத்தடுமாறிப் பேசும் தமிழைக் கேட்டுச் சிரித்து ஆங்கிலத்திற்கு மாறிவிடுவது நம் வழக்கம். உதவி என்று நினைத்தே அதைச் செய்கிறோம். ஆனால் அப்போது ஒரு கையொப்பத்தை நாம் மறுக்கிறோம். சங்கர செட்டியார் ஊரெல்லாம் அலைந்து பெற்றது அதைத்தான். அடுத்த முறை சற்று நின்று, அந்தத் தமிழுக்குத் தமிழிலேயே விடை சொல்லிப் பார்ப்போம்.