கல் வீடு போன்றதொரு சுண்ணாம்பு வீடு

தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்கு வந்து போகும் நம் குடும்பத்தார் பலர், அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத சஃபோக் மாளிகையைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் நிற்கிறது அது.

அந்த இடமும் ஒரு தோட்டமாக இருந்ததுதான். 1786இல் பினாங்கில் ஆங்கிலக் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட் அங்கே மிளகு பயிரிட்டார். இங்கிலாந்தில் தாம் பிறந்த சஃபோக் மாவட்டத்தின் பெயரையே தோட்டத்திற்கும் சூட்டினார். அவர் குடியிருந்தது மரமும் அத்தாப்பும் கொண்ட வீடு. 1794இல் அவர் காலமானார். இப்போதுள்ள மாளிகை அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்தது. கட்டியவர் கம்பெனி அதிகாரியான வில்லியம் பிலிப்ஸ், பிற்காலத்தில் ஆளுநரானவர்.

உயர்ந்த தூண்கள், வண்டி வந்து நிற்க முகப்பு, சுற்றிலும் அகன்ற தாழ்வாரம். துரை பங்களாவைக் கண்டு வளர்ந்த நமக்குத் தாழ்வாரம் புதிதன்று. ஆனால் அந்தத் தூண்கள்? தூரத்திலிருந்து பார்த்தால், இங்கிலாந்துச் செல்வர் வெட்டுக் கல்லால் கட்டிய வீடு என்றே தோன்றும். உள்ளே இருப்பது செங்கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு.

இந்த வித்தை சென்னைப் பட்டணத்தில் தேறியது. கோட்டைக்கு வெளியே கம்பெனியார் கட்டிக்கொண்ட தோட்ட வீடுகளுக்கு நம் கொத்தனார்கள் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். மணலோடு அரைத்து, வெல்லமும் கடுக்காயும் ஊறிய நீர் விட்டுக் குழைத்தார்கள். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளையும் தயிரும் சேரும். வழவழப்பான கல்லால் தேய்க்கத் தேய்க்க, சுவர் பளிங்காக மின்னும். வெள்ளையர் அதை 'சுனாம்' என்று தம் அகராதியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அதே தோட்ட வீட்டு அமைப்புத்தான் கடல் கடந்து பினாங்கிற்கும் வந்தது.

மாளிகையின் வரலாற்றில் ஆளுநர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. செங்கல் சுமந்தவர், சுண்ணாம்பு குழைத்தவர் பெயர் ஒன்றுகூட வருவதில்லை. அக்காலப் பினாங்கில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் கட்டட வேலையில் ஏராளமாக உழைத்தார்கள். 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் உருவானது.

1920களின் இறுதியில் மாளிகை மெதடிஸ்ட் பள்ளியின் கைக்கு வந்து, வகுப்பறையாயிற்று. பின்னர் சிற்றுண்டிச்சாலையும் ஆயிற்று. 1970களில் ஆபத்தான கட்டடமென மூடப்பட்டது. கூரை சரிந்து, சுவரில் செடி முளைத்தது.

பழைய சுவரைச் சிமெண்டால் மெழுகிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அது கெடுதலே செய்யும். செங்கல் உறிஞ்சிய ஈரம் சுண்ணாம்பு வழியே வெளியேறிவிடும். சிமெண்டோ அதை உள்ளே அடைத்துவிடும், செங்கல் உப்புப் பூத்து உதிரும். ஆகவே இத்தகைய பழைய சுவருக்குப் பழைய மருந்துதான், அதாவது சுண்ணாம்புதான். சஃபோக் மாளிகையைப் புதுப்பிக்கும் பணி 2007இல் நிறைவேறியது. மறு ஆண்டு அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது.