ஏட்டு எழுத்தும் அச்செழுத்தும்

சென்ற ஆண்டு நவராத்திரி முடிந்த கிழமை, நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பிற்கு மாணவன் ஒருவன் சிவப்புத் துணியிற் சுற்றிய ஏட்டுக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அவனுடைய வீட்டிலே சரசுவதி பூசை தோறும் அதற்குச் சந்தனம் வைத்துப் பூச்சாத்துவார்களாம். தேவார ஏடு என்று அப்பாச்சி சொல்லுவாராம். அதை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரும் இல்லை.

"சேர், இது தமிழோ, மலையாளமோ?" என்று அவன் கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனை வளர்ந்த மண்ணிலே பிறந்த பிள்ளைக்குப் பனையோலைத் தமிழ் அந்நியமாகிவிட்டதே என்ற எண்ணமே வந்தது.

அவனைக் குறைகூறுவதற்கில்லை. ஓலையில் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆகையால், மெய்யெழுத்துக்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடெழுதியோர் அதனைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். காலும் ரகரமும் ஒரே வடிவாயின. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. 'எடு' என்பதும் 'ஏடு' என்பதும் ஒன்றுபோலவே தோன்றும். ஏடு படித்தவர் கண்ணால் மட்டும் படிக்கவில்லை. இலக்கண அறிவும் ஆசிரியரிடம் கேட்ட கேள்வியும் கூடவிருந்து படித்தன.

இந்த இடர்ப்பாட்டை நீக்க முற்பட்டவர்களுள் வீரமாமுனிவர் முக்கியமானவர். பதினெட்டாம் நூற்றாண்டிலே, நெடிலுக்கு வேறு வடிவம் கொடுத்து, ஏகார ஓகாரங்களை ஐயமின்றி அறியச் செய்தவர் அவரே என்பர். அச்சு வந்தபின் புள்ளியும் திரும்பி வந்தது. ஈயத்துக்கு ஓலையின் அச்சம் இல்லை அல்லவா? தொல்காப்பியர் சொன்ன மெய்ப்புள்ளியை நிலைநிறுத்தியது புதுமையான அச்சு இயந்திரமே. மரபும் புதுமையும் எப்போதும் பகையாளிகள் அல்ல என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமா?

யாழ்ப்பாணத்திலே இதனை நன்குணர்ந்தவர் ஆறுமுக நாவலர். அமெரிக்க மிஷனரிமார் மானிப்பாயில் அச்சகம் நடத்தினர். 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. மிஷனரிமாரின் சமயப் பிரசாரத்தை எதிர்த்து நின்ற நாவலர், அவர்களுடைய கருவியை வெறுத்து ஒதுக்கவில்லை. 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். பழைய நூல்களை ஏட்டிலிருந்து பிழையறப் பதிப்பித்தார். மேனாட்டு நிறுத்தக் குறிகளையும் தமிழ் உரைநடையிற் கையாண்டார். பொருள் மரபினது, கருவியும் குறிகளும் புதியன.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணியும் அத்தகையதே. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். இவ்விருவரும் ஏட்டையும் அறிந்தவர்கள், அச்சையும் அறிந்தவர்கள். இரண்டு கரையையும் அறிந்த ஓடக்காரர் இல்லாதிருந்தால் எத்தனை நூல்கள் அக்கரையிலேயே அழிந்திருக்கும்!

மாற்றம் அத்துடன் நிற்கவில்லை. 1935இற் பெரியார் தமது 'குடி அரசு' இதழிற் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா முதலானவற்றின் சுழித்த வடிவங்களும், ணை, லை, ளை, னை என்பவற்றின் யானைத் துதிக்கை போன்ற கொம்பும் மறைந்தன. இன்று நாமும் புதிய வடிவங்களையே எழுதுகிறோம். எழுதுவது இலகுவாயிற்று, உண்மை. ஆயினும் என் தகப்பனாரின் புத்தக அலுமாரியிலுள்ள நூல்களை என் மாணவர் தட்டுத்தடுமாறியே வாசிக்கின்றனர். ஏட்டுக்கும் அவர்களுக்கும் இடையில் மட்டுமன்றி, அச்சு நூலுக்கும் அவர்களுக்கும் இடையிலும் ஒரு வேலி எழுந்துவிட்டது.

சீன நாட்டைச் சிறிது நோக்குவோம். அங்கே தூரிகையால் எழுதுவது ஓர் உயர்கலை. 353ஆம் ஆண்டில் வாங் சிசி என்பவர் எழுதிய ஒரு முன்னுரை அக்கலையின் சிகரமாகப் போற்றப்படுகிறது. அதன் மூலப்பிரதி இன்று இல்லை. அதனை விரும்பிய பேரரசர் ஒருவரின் சமாதியுள் அது வைக்கப்பட்டதாகச் சொல்வர். எஞ்சியவை படிகளே. அப்படிகளைப் பார்த்துப் பல்லாண்டு எழுதிப் பழகிய பின்னரே மாணவன் தன் சொந்தக் கையைக் காண முற்படுவான். 1956இல் அந்நாட்டரசு எழுத்துகளை எளிமையாக்கியது. தூரிகைக் கலைஞர் பழைய வடிவங்களைக் கைவிடவில்லை. மக்கள் புதியதை எழுதுகின்றனர். பழையதை அறிந்தோரும் இருக்கின்றனர்.

நாம் அஞ்ச வேண்டியது மாற்றத்தை அன்று. இரண்டையும் அறிந்தோர் இல்லாமற் போவதையே. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அப்போது நான் நினைவு தெரியாக் குழந்தை. அந்தத் தீயை மூட்டியவர்கள் உண்டு. வீட்டுப் பரண்களில் எஞ்சிய ஏடுகள் வாசிப்பாரற்று மடியுமானால், அந்தப் பழி யாரைச் சேரும்?

அந்த மாணவனின் ஏட்டுக்கு வருவோம். பாடம் முடிந்தபின் சிலர் கூடி எழுத்தெழுத்தாக வாசித்தோம். 'கரல வீககம' என்று ஓரிடத்தில் இருந்தது. எல்லோரும் திகைத்தோம். பின்வாங்கிலிருந்து, வீட்டில் மாடு வளர்க்கும் பையன் ஒருவன், "சேர், அது கால் வீக்கம்!" என்றான். தேவாரம் அன்று, மாட்டு வாகடம்!

அப்பாச்சி இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாராம். பிறகு, "எங்கட ஆக்கள் மாட்டையும் பிள்ளை மாதிரித்தான் பாத்தவை" என்றாராம். பேரன் இப்போது ஏட்டைப் பார்த்துக் கொப்பியிற் படியெடுக்கிறான். வருகிற சரசுவதி பூசைக்கும் அவ்வேட்டுக்குப் பூச்சாத்துவார்கள். இம்முறை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்து சாத்துவார்கள்.